க்ஷயரோகமும் வீட்டுச் சாப்பாடும்

சங்க அங்கத்தினர்களுக்கு ஒரு பாடம்

நமது கிராமக் கூட்டுறவுச் சங்கங்களுக்கு வரும் கடன் மனுக்களை வாசிக்கையில், விதைக்கு, உரத்திற்கு, மாடு வாங்குவதற்கு என்று எழுதப்பட்டவற்றினிடையே "குடும்ப வைத்தியச் செலவு" என்னும் காரணமும் அடிக்கடி தென்படும். சில மனுக்களில் அது வெளிப்படையாக எழுதப்படுவதில்லை. விதைக்கென்று வாங்கிய கடன் ஆஸ்பத்திரி வாசலில் கரைந்துபோய், தவணை தவறிய பிற்பாடுதான் உண்மை வெளிவருகிறது. நோயினால் கடன், கடனால் அரை வயிறு, அரை வயிற்றால் மறுபடியும் நோய் என்று இச்சக்கரம் சுழல்வதை நான் மேற்பார்வைக்குச் செல்லும் ஊர்கள் பலவற்றிற் கண்டிருக்கிறேன்.

இச்சக்கரத்தை எந்த இடத்தில் நிறுத்தலாம் என்பதை இப்பாடத்தில் ஆராய்வோம். உதாரணமாக க்ஷயரோகம் எனப்படும் காசநோயை எடுத்துக்கொள்கிறேன். அந்நோய் என்னையே பற்றியது. பிறகு என் வீட்டில் இன்னொருவரையும் பற்றியது. ஆகையால் இங்கே சொல்லுபவற்றிற் பாதி வைத்தியர்கள் கண்ட உண்மை. மற்றப் பாதி நான் பட்டுத் தெரிந்துகொண்டது.

1. நோய் வந்த விதம்

2023-ஆம் ஆண்டு ஆனி மாதத்தில் எனக்கு இருமல் தொடங்கிற்று. என் உத்தியோகம் ஊர் ஊராய்ச் செல்லும் உத்தியோகம். காலையில் பஸ் நிலையத்தில் இரண்டு இட்டலி. பகலில் கணக்குப் பார்வை முடியாவிட்டால் காப்பியோடு சரி. இரவு வீடு சேர்ந்ததும் ரசமும் சாதமும். பல வருஷங்களாய் இதுவே என் ஆகார முறை. இருமலைப் புழுதியின்மேற் போட்டேன். மாலைக் காய்ச்சலை அலைச்சலின்மேற் போட்டேன். இரவில் தலையணை நனையும்படி வியர்த்தபோதும் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை.

இரண்டு வாரத்திற்கு மேல் இருமல் நீடித்தால் சளியைப் பரிசோதிக்க வேண்டும் என்பது யாவரும் அறியவேண்டிய விதி. அவ்விதியைப் பிறருக்கு எடுத்துச் சொல்லியிருக்கிறேன், நான் கைக்கொள்ளவில்லை. ஐப்பசியில் ஆரம்ப சுகாதார நிலையத்திற்குச் சென்றபோது 56 கிலோவாக இருந்த என் எடை 41 கிலோவாகியிருந்தது. சளியில் காசநோய்க் கிருமி இருப்பது உறுதியாயிற்று. ஆறு மாத மருந்தை இலவசமாகவே கொடுத்தார்கள்.

2. சரீரத்தின் வரவு செலவு

கணக்கறிந்த அங்கத்தினர்களுக்கு இந்நோயின் போக்கு எளிதில் விளங்கும். காய்ச்சல் இருக்கும்போது சரீரம், ஓய்ந்து படுத்திருந்தாலும், வழக்கத்திற்கு மேற்பட்ட சக்தியைச் செலவு செய்கிறது. அதே சமயத்தில் பசி மந்தமாகி வரவு குறைகிறது. வரவு போதாத சங்கம் காப்பு நிதியில் கை வைப்பதுபோல், சரீரம் முதலில் சேர்ந்திருந்த கொழுப்பை எடுத்துச் செலவிடும். அதுவும் போதாமற்போனால் பங்கு மூலதனத்தையே தொடும். இங்கே மூலதனமாவது தசை. கையும் தொடையும் சூம்பிப்போவது இதனாலேதான். நோயை எதிர்க்கும் வல்லமையும் புரதச் சத்தைக் கொண்டே உண்டாவதாகையால் அதுவும் கூடவே குன்றுகிறது.

மருந்து கிருமியைக் கொல்லும். இழந்த தசையை மருந்து திருப்பித் தராது. அது சோற்றாலும் பருப்பாலும் பாலாலும் முட்டையாலும் நாள்தோறும் சிறிது சிறிதாகக் கட்டித் தீரவேண்டிய பாக்கி.

3. பத்தியம் எவ்வளவு வேண்டும்?

நோய் இன்னதென்று தெரிந்த அன்றே என் தாயார் பத்தியம் ஆரம்பித்தார். முட்டை சூடு, பருப்பு வாயு, வேர்க்கடலை பித்தம், தயிர் கபம், வாழைப்பழம் சளி, மீனோ நினைக்கவும் கூடாது. இவையெல்லாம் போக மிஞ்சியவை தெளிந்த ரசம், குழைந்த சாதம், நீர்மோர், சுட்ட அப்பளம். அன்பினாற் செய்த காரியம்; அதில் ஐயமில்லை.

இரண்டாம் வாரத்தில் சுகாதார நிலையத்துச் செவிலியர் என்னை எடை பார்த்தார். 40½ கிலோ. அவர் வேறொன்றும் பேசாமல், "நேற்று விடிந்தது முதல் என்னென்ன சாப்பிட்டீர்கள், சொல்லுங்கள்" என்றார். சொன்னேன். அவர் ஒரு தாளில் எழுதிக் கூட்டினார். ஏறக்குறைய 200 கிராம் அரிசி, ஒரு டம்ளர் மோர், அவ்வளவே. புரதச் சத்து 20 கிராமுக்கு மேற்படவில்லை. நோயிலிருந்து தேறுபவருக்கு, அவருக்கு இருக்கவேண்டிய எடையில் ஒரு கிலோவிற்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை புரதம் வேண்டும். எனக்குக் குறைந்தது 60 கிராம் வேண்டியிருந்தது. "சார், கிருமி உங்களைத் தின்றது போக மிச்சத்தைப் பத்தியம் தின்கிறது" என்று அவர் சொன்னதை நான் மறப்பதற்கில்லை.

பத்தியமே வேண்டாம் என்று சொல்வது என் கருத்தன்று. வாந்தியோ கடுங்காய்ச்சலோ உள்ள இரண்டொரு நாட்களில் கஞ்சி ஏற்றதே. சர்க்கரை வியாதி, சிறுநீரகக் கோளாறு, ஈரல் கோளாறு உள்ளவர்கள் வைத்தியர் சொல்லும் வரையறைப்படி நடக்கவேண்டும். விசேஷமாக, சர்க்கரை வியாதியுள்ளவர்களைக் காசநோய் எளிதிற் பற்றுமாகையால், காசநோய் கண்ட ஒவ்வொருவரும் சர்க்கரைப் பரிசோதனை செய்துகொள்வது அவசியம். அவர்கள் குறைக்கவேண்டியவை சர்க்கரை, வெல்லம், மிதமிஞ்சிய சோறு ஆகியவை. சாராயத்தையும் புகையிலையையும் யாவரும் அறவே விடவேண்டும். காசநோய் மருந்தை உண்ணும் காலத்தில் சாராயம் ஈரலைக் கெடுக்கும். மருந்து உண்கையில் கண் மஞ்சளித்தாலும் வாந்தி ஓயாவிட்டாலும் அன்றே வைத்தியரிடம் செல்லுக.

4. மருந்தா, ஆகாரமா?

மருந்து கண்டுபிடிக்கப்படாத காலத்தில் நல்ல காற்றும் ஓய்வும் சத்துள்ள ஆகாரமுமே காசநோய்க்குச் சிகிச்சையாக இருந்தன. 1928-ஆம் ஆண்டில் தாம்பரத்தில் திறக்கப்பட்ட க்ஷயரோக ஆரோக்கியசாலை அவ்வகையைச் சேர்ந்தது. 1940-களிலும் 1950-களிலும் நல்ல மருந்துகள் வந்தன. அதன்மேல், ஏழை நோயாளிகளை வீட்டிலேயே வைத்துக் குணப்படுத்தலாகுமா என்பதை அறியச் சென்னையில் 1956-ஆம் ஆண்டில் ஓர் ஆராய்ச்சி தொடங்கிற்று. நகரத்து ஏழை நோயாளிகளில் ஒரு பகுதியாரை ஆரோக்கியசாலையில் சேர்த்தார்கள். மற்றப் பகுதியாரை நெருக்கடியான சொந்த வீட்டிலேயே விட்டார்கள். இரு பகுதியாருக்கும் ஓராண்டு ஒரே மருந்து. வீட்டிலிருந்தவர்களுக்கு ஆகாரமும் ஓய்வும் குறைவு. எனினும் அவர்களும் ஏறக்குறைய மற்றவர்களைப் போலவே குணமடைந்தார்கள். 1959-ஆம் ஆண்டில் வெளியான இம்முடிவு உலகெங்கும் காசநோய்ச் சிகிச்சையை ஆரோக்கியசாலையிலிருந்து வீட்டிற்குக் கொண்டுவந்தது.

இதைக் கேட்ட ஒருவர், "அப்படியானால் மருந்து போதுமே, முட்டை எதற்கு?" என்று வினவலாம். நியாயமான கேள்வி. நல்ல ஆகாரம் கிடைக்கவில்லையே என்று மருந்தை விடலாகாது என்பது சென்னை ஆராய்ச்சி தரும் பாடம். ஆகாரத்தால் ஆவதொன்றுமில்லை என்று அது சொல்லவில்லை. மிகவும் மெலிந்துபோன நோயாளிகளின் நிலைமை எத்தகையது என்பதைப் பிற்காலத்தில் ஜார்க்கண்டு மாகாணத்து நான்கு மாவட்டங்களில் நடந்த பேராராய்ச்சி காட்டிற்று. 2019-ஆம் ஆண்டில் தொடங்கிய அவ்வாராய்ச்சியில் 2,800 நோயாளிகள் சேர்ந்தார்கள். மருந்தோடு மாதம் 10 கிலோ உணவுப் பொருள்களும் அவர்களுக்கு அளிக்கப்பட்டன. அரிசி, பருப்பு, பால் மாவு, எண்ணெய் ஆகியவையே அப்பொருள்கள். முதல் இரண்டு மாதத்தில் எடை ஐந்து விழுக்காடு ஏறியவர்களுக்கு மரண அபாயம், ஏறாதவர்களைவிட 61 விழுக்காடு குறைந்திருக்கக் கண்டார்கள்.

41 கிலோ எடையுள்ளவனுக்கு ஐந்து விழுக்காடு என்பது இரண்டு கிலோ. உயிரின் எல்லை இரண்டு கிலோவில் இருந்தது என்பதை அறிந்தபோது, எடைக்கருவியை நான் பார்த்த பார்வையே மாறிற்று.

5. தட்டில் வேண்டிய மாறுதல்

நமது சாப்பாட்டின் குறை இன்று நேற்றுக் கண்டதன்று. 1920-களில் குன்னூரில் மக்காரிஸன் என்னும் வைத்தியர், இந்நாட்டின் பல பகுதி மக்கள் உண்ணும் ஆகாரங்களை எலிகளுக்கு ஊட்டிப் பார்த்தார். கோதுமை ரொட்டி, பால், பருப்பு, காய்கறி ஆகியவை அடங்கிய பஞ்சாபு ஆகாரத்தை உண்டவை நன்கு வளர்ந்தன. பெரும்பாலும் தீட்டிய அரிசியாலான சென்னைப் பக்கத்து ஆகாரத்தை உண்டவை சிறுத்து, நோய்க்கு எளிதில் ஆளாயின. இதற்காக அரிசியைத் துறக்கவேண்டுவதில்லை. சோற்றைச் சுற்றி வேறொன்றும் இல்லாமலிருப்பதே நம் குறை. நான் செவிலியர் சொற்படி செய்துகொண்ட மாறுதல்கள் பின்வருமாறு:

அரிசி: நாளொன்றுக்கு 350 கிராம், புழுங்கலரிசி. கஞ்சியை வடித்துக் கொட்டுவதை நிறுத்தினோம். சத்தில் ஒரு பகுதி அதனோடு போய்விடும்.

பருப்பு: 50 கிராம். சாம்பார்த் தண்ணீராக ஊற்றிக்கொள்ளாமல், கரண்டி நிற்கும்படி கெட்டியாக. இதிற் புரதம் 11 கிராம்.

வேர்க்கடலை: ஒரு கைப்பிடி, அதாவது 30 கிராம், வறுத்தோ அவித்தோ. புரதம் 7 கிராம். பூசணம் பிடித்த கடலையைக் கழித்துவிட வேண்டும்; அது ஈரலுக்கு விஷம்.

முட்டை: நாளுக்கு ஒன்று. புரதம் 6 கிராம். முட்டை உண்ணாத குடும்பத்தார் அதற்கீடாகச் சுண்டலோ இன்னொரு டம்ளர் பாலோ சேர்த்துக்கொள்ளலாம். மீன் உண்போருக்கு நெத்திலி போன்ற சிறு மீனே போதும்.

பால்: இரண்டு டம்ளர், 400 மில்லி. புரதம் 13 கிராம்.

அரிசியிலிருந்து கிடைப்பதையும் சேர்த்தால் புரதம் 63 கிராம் ஆயிற்று. இவற்றோடு வாரம் மூன்று நாள் கேழ்வரகுக் களியோ கூழோ உண்டேன். தானியங்களில் கேழ்வரகைப்போல் சுண்ணாம்புச் சத்துள்ளது வேறில்லை. கொல்லையிலேயே நின்ற முருங்கையின் கீரையும் ஒரு நெல்லிக்காயும் இரண்டு கரண்டி எண்ணெயும் சேர்ந்தன. எண்ணெய் சிறிதளவிலேயே மிகுந்த சக்தி தருவதால், அதிகம் உண்ண இயலாத நோயாளிக்கு அது உதவி.

முதலில் இவ்வளவையும் உண்ண முடியவில்லை. மருந்து குமட்டிற்று, சோற்றைக் கண்டாலே வெறுப்பு. மூன்று வேளைச் சாப்பாட்டை ஆறு வேளையாகப் பிரித்தபின் உள்ளே சென்றது. வெளியூர் செல்லும் நாட்களில் கடலையும் அவித்த முட்டையும் கணக்குப் பையிலேயே சென்றன. இரண்டாம் மாத முடிவில் 44 கிலோ ஆனேன்.

6. என் தாயாரின் தட்டு

இதுவரை சொன்னவை நோயாளியைப் பற்றியவை. இனிச் சொல்லப்போவதே இப்பாடத்தின் முக்கியமான பகுதி.

எனக்கு நோய் கண்டவுடன் வீட்டிலுள்ள யாவரையும் பரிசோதனைக்கு வரச் சொன்னார்கள். என் மனைவியும் மகளும் சென்றார்கள். நோயில்லையென்று கண்டு, நோய் வராமற் காக்கும் மருந்து அவர்களுக்குக் கொடுக்கப்பட்டது. என் தாயார், "எனக்கென்ன, கல்லுப்போல் இருக்கிறேன், நீ தேறினால் போதும் அப்பா" என்று சொல்லி இருந்துவிட்டார். நானும் வற்புறுத்தவில்லை.

காசநோயாளியின் உணவுக்காக அரசாங்கம் 2018-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் மாதம் 500 ரூபாய் அளித்துவந்தது. 2024 நவம்பர் முதல் அது 1,000 ரூபாயாயிற்று. எனக்குக் கிடைத்த 500 ரூபாய் என் முட்டைக்கும் பாலுக்கும் சென்றது. சம்பளம் நின்ற விடுமுறைக் காலம் அது. எனக்கு வைத்த பருப்பின் அளவு கூடியபோது வீட்டிற்கு வாங்கும் பருப்பின் அளவு கூடவில்லை. அந்தப் பருப்பு எங்கிருந்து வந்தது என்று நான் கேட்டதில்லை. எல்லாரும் உண்டபின் தாயார் அடுப்பங்கரையில் உட்கார்ந்து பழையதும் ஊறுகாயுமாக முடித்துக்கொண்டார். வாரந்தோறும் என் எடையை நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டிருந்தேன். அவர் மெலிந்துவந்தது என் கண்ணிற் படவில்லை.

2024-ஆம் ஆண்டு மாசி மாதத்தில் அவருக்கு இருமல் கண்டது. இம்முறை தாமதிக்கவில்லை, நான்காம் நாளே அழைத்துச் சென்றேன். எடை 36 கிலோ. சளியில் கிருமி இருந்தது. என் நோய் தீரும் தறுவாயில் அவருடைய ஆறு மாதம் தொடங்கிற்று. சங்கங்களின் கணக்கில் விடுபட்ட இனங்களைக் கண்டுபிடிப்பதே என் தொழில். என் சொந்த வீட்டுக் கணக்கில் ஓர் ஆள் விடுபட்டிருந்தார்.

ஜார்க்கண்டு ஆராய்ச்சியின் இரண்டாம் பகுதி இதைப் பற்றியதே. நோயாளிகளின் வீட்டில் உடனிருந்த 10,345 பேரை இரு பகுதியாகப் பிரித்தார்கள். ஒரு பகுதியில் நோயாளிக்கு மட்டும் உணவுப் பொருள்கள். மற்றப் பகுதியில் நோயாளிக்குக் கொடுத்ததோடு, வீட்டிலுள்ள ஒவ்வொருவருக்கும் மாதம் 5 கிலோ அரிசியும் 1½ கிலோ பருப்பும் சத்து மாத்திரைகளும் அளித்தார்கள். 2022-ஆம் ஆண்டு வரையிற் கவனித்து 2023-ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டார்கள். எல்லாரும் உண்ட வீடுகளில் புதிதாகக் காசநோய் உண்டாவது 39 விழுக்காடு குறைந்தது. பிறருக்குப் பரவக்கூடிய, சளியில் உறுதிப்பட்ட நுரையீரல் காசம் 48 விழுக்காடு குறைந்தது. அரிசியும் பருப்பும் செய்த வேலை இது.

ஆதலால், நோய் வந்த வீட்டில் நோயாளிக்கென்று தனித் தட்டு வைத்து, அதை நிரப்ப மற்றத் தட்டுகளைக் குறைப்பது பெரும் பிழை. உணவு முறை மாறவேண்டுமானால் வீடு முழுவதற்கும் மாறவேண்டும். முதற்காரியமாகக் கடைசியில் உண்பவரின் தட்டு மாறவேண்டும்.

இப்பொழுது எங்கள் வீட்டில் யாவரும் ஒரே வேளையில் உட்காருகிறோம். பருப்பை அளந்து ஊற்றுபவர் என் மகள். பாட்டியின் தட்டிற்கு முதலில் ஊற்றவேண்டும் என்பது அவளுக்கு இட்ட கட்டளை. சிகிச்சை முடிந்தபோது என் எடை 51 கிலோ. என் தாயாரின் எடை 43 கிலோ. நோய் திரும்புவதாயின் பெரும்பாலும் முதல் இரண்டு வருஷங்களுக்குள் திரும்புமாதலால், மருந்து முடிந்த பின்னும் மாதமொரு முறை இருவரும் எடை பார்த்துவந்தோம்.

7. சங்கம் செய்யக்கூடியவை

முதலாவது, நியாயவிலைக் கடைகளிற் பெரும்பாலானவற்றை நமது கூட்டுறவுச் சங்கங்களே நடத்துகின்றன. அரிசியை எல்லாரும் வாங்குகிறார்கள். மலிவு விலைப் பருப்பையும் எண்ணெயையும் வாங்கப் பணமில்லாமல் விட்டுவிடுவோரும், வாங்கி விற்றுவிடுவோரும் உண்டு. நோயுள்ள வீட்டார் தம் பங்கை விடாமற் பெறும்படி நிர்வாகிகள் சொல்லவேண்டும்.

இரண்டாவது, பால். கறவை வைத்திருக்கும் ஓர் அங்கத்தினர் தம் பால் அட்டையைப் பெருமையோடு எனக்குக் காட்டினார். இரண்டு வேளையும் சேர்த்து 9 லிட்டர். அவர் வீட்டில் எனக்குக் கிடைத்தது கடுங்காப்பி. "ஒரு துளியும் வீட்டில் நிறுத்துவதில்லை, முழுவதும் சங்கத்திற்கே" என்றார். அவர் மகன் அப்போதுதான் நெடுநோயிலிருந்து எழுந்து திண்ணையில் உட்கார்ந்திருந்தான். சங்கத்திற்குப் பால் வேண்டியதே. எனினும் அரை லிட்டரை நிறுத்திக்கொண்டு மிச்சத்தை ஊற்றுபவர் சங்கத்திற்குத் துரோகம் செய்தவராகார்.

மூன்றாவது, சங்கத்திலுள்ள எடைத்தராசு. உர மூட்டையை நிறுக்கும் அதே தராசில் மாதமொரு நாள் மனிதரையும் நிறுக்கலாம். காரணமின்றி எடை குறைந்தவரையும், இரண்டு வாரம் இருமுபவரையும் சுகாதார நிலையத்திற்கு அனுப்பலாம். சோதனையும் மருந்தும் அங்கே இலவசம்.

நான்காவது, வைத்தியச் செலவென்று கடன் கேட்டு வரும் அங்கத்தினரிடம் நோயின் பெயரைக் கேட்பதோடு நில்லாமல், வீட்டில் எத்தனை பேர், எல்லாரும் பரிசோதனை செய்துகொண்டார்களா என்றும் விசாரிக்கலாம். இதற்குச் செலவில்லை. வராக் கடன்களிற் சில இதனாலேயே வந்துவிடும்.

சங்கக் கூட்டத்தில் ஆலோசிக்கத்தக்க வினாக்கள்

1. நமது ஊரில் நோயாளிக்கு விலக்கப்படும் பண்டங்கள் எவை? வைத்தியர் விலக்கியவை எத்தனை, வழக்கத்தால் விலக்கியவை எத்தனை?

2. நமது வீட்டில் ஒரு நாளைக்கு வேகும் பருப்பை ஆட்களின் தொகையால் வகுத்தால் ஒருவருக்கு எத்தனை கிராம் வருகிறது?

3. வீட்டில் கறக்கும் பாலில் வீட்டிற்கு நிற்பது எவ்வளவு?

4. உங்கள் வீட்டில் கடைசியாக உண்பவர் யார்? அவர் உட்காரும்போது பாத்திரத்தில் என்ன மிஞ்சியிருக்கிறது?